பேரியோனிக்ஸ் எலும்புக்கூடு வரையலாம், மூஞ்சியிலிருந்து தொடங்கி

டைனோசர் எலும்புக்கூடு வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் டைரனோசரஸில்தான் கை வைக்கிறார்கள். நான் பேரியோனிக்ஸைச் சொல்வேன். மீன் பிடித்துத் தின்ற விலங்கு அது. அதை மனதில் வைத்துக்கொண்டு வரைந்தால், எந்த எலும்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஓக்லி என்ற ஊரருகே ஒரு களிமண் குழி. 1983 ஜனவரியில் வில்லியம் வாக்கர் என்ற குழாய் வேலைக்காரர் அங்கே ஒரு பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். தொல்லெச்சம் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 1986-இல் ஆலன் சாரிக், ஏஞ்சலா மில்னர் இருவரும் இந்த விலங்குக்குப் பேரியோனிக்ஸ் வாக்கெரை என்று பெயர் வைத்தார்கள். பேரியோனிக்ஸ் என்றால் கனத்த நகம்.

ஒரு ஏ4 தாள், ஒரு ஏ3 தாள், பென்சில், அழிப்பான், அளவுகோல் போதும்.

படி 1: மண்டையோடு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். உண்மையான மண்டையோடு ஏறக்குறைய 95 செ.மீ. ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்து, நான்கில் ஒரு பங்காக 24 செ.மீ. கோடு போடுங்கள். அதன்மேல் தாழ்வான, நீண்ட, ஒடுங்கிய மூஞ்சி வர வேண்டும்.

நுனியிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி, மேல்தாடையின் ஓரத்தை உள்வாங்கி வளையுங்கள். நான் முதன்முதலில் வரைந்தபோது இந்த வளைவை விட்டுவிட்டு நேர்க்கோடாக இழுத்துவிட்டேன். படம் வேறு ஏதோ விலங்காகிப் போனது. கீழ்த்தாடையின் நுனி சற்று மேலெழுந்து இந்தப் பள்ளத்துக்கு நேராக வரும். வழுக்கும் மீன் அங்கே மாட்டிக்கொண்டால் நழுவுவது கடினம். மூக்குத் துளையை நுனியில் போடாதீர்கள். பள்ளத்துக்குப் பின்னால் போடுங்கள். கண்ணுக்கு மேலே, நடுக்கோட்டில், ஒரு சின்ன முகடு.

இனி பற்கள். கீழ்த்தாடையில் பக்கத்துக்கு 32, மேலே உள்ளவற்றைவிடச் சிறியவை, நெருக்கமானவை. கத்தி போலத் தட்டையாக வரையாமல், லேசாக வளைந்த கூம்பாக வரையுங்கள். விளிம்பில் ரம்பப்பல் உண்டு, ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு என்ற அளவுக்கு நுணுக்கமாக. இந்த அளவுப் படத்தில் பென்சிலால் அதைக் காட்ட முடியாது, விட்டுவிடுங்கள்.

சம்பல் ஆற்றில் வாழும் சொம்புமூக்கு முதலையின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கை சரியாகப் போகும். கடிக்கும்போது பேரியோனிக்ஸ் மூஞ்சியில் விழும் அழுத்தமும் அந்த முதலையினுடையதைப் போலத்தான் இருந்தது என்று 2007-இல் கணினி மாதிரி வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

படி 2: கழுத்து, முதுகு, விலா

இனி ஏ3 தாள், இருபத்தைந்தில் ஒரு பங்கு. விலங்கு 9 மீட்டர் என்று வைத்தால் படம் 36 செ.மீ., தலை 4 செ.மீ.க்குள். முதுகை ஏறக்குறையக் கிடையாகப் போடுங்கள். ஸ்பைனோசரஸ் இதற்கு உறவுதான் என்றாலும், அதன் கப்பல் பாய் போல உயர்ந்த முதுகு இங்கே வேண்டாம். முள்ளெலும்புகளின் மேல்நீட்சி அடக்கமாகவே இருக்கட்டும்.

விலா எலும்புகளுக்குள் இரண்டு மூன்று மீன் செதில்களையும் வரையுங்கள். இது என் கற்பனை அல்ல. வயிற்றுப் பகுதியில் அமிலத்தில் அரித்த செதில்களும் பற்களும் கிடைத்தன. கூடவே இகுவானடான் வகையைச் சேர்ந்த, செடிகொடி தின்னும் ஒரு குட்டி டைனோசரின் எலும்புகளும் இருந்தன. ஆகவே மீன் மட்டுமே தின்றது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 3: கைகள்

மேற்கை எலும்பைத் தடிமனாகப் போடுங்கள், டைரனோசரஸின் குச்சிக் கை அல்ல இது. மூன்று விரல்கள். கட்டைவிரல் நகத்தின் எலும்பு மட்டும் வளைவோடு அளந்தால் 31 செ.மீ., உங்கள் தாளில் ஒன்றேகால் செ.மீ. அந்த நகம் கையோடு ஒட்டாமல் தனியாகத்தான் கிடைத்தது. பலமான கையைப் பார்த்தே அதைக் கட்டைவிரலில் வைத்தார்கள்.

படி 4: இடுப்பு, கால், வால்

இவற்றை மற்ற இருகால் ஊனுண்ணி டைனோசர்களைப் போலவே வரையலாம். கிடைக்காத எலும்பைப் புள்ளிக்கோட்டில் போடுவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தொடையெலும்பில் இடதுகாலின் மேல்முனையும் வலதுகாலின் கீழ்முனையும்தான் கிடைத்தன; இரு முனைகளையும் அழுத்தி வரைந்து, நடுவே புள்ளி வையுங்கள். வாலில் பெரும்பகுதி புள்ளிதான்.

கடைசியாக, தாளின் வலது மூலையில் அளவுக்கோடு ஒன்று போட்டு, அதன் கீழே லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்த எலும்புக்கூட்டுக்குத் தந்திருக்கும் எண்ணை எழுதுங்கள்: ஆர் 9951.