வாக்குச்சாவடிப் பணி: கோட்டை விடக் கூடாத இடங்கள்

வாக்குச்சாவடியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றை அன்றைக்கே, அந்த மேசையிலேயே சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதவை இரண்டு. காலையில் கருவியைச் சோதிக்கப் போடும் மாதிரி வாக்குகளை அழிக்காமல் விடுவது ஒன்று, மாலையில் வாக்குப்பதிவை முடித்துவைக்கும் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்தாமல் கருவியை மூடுவது இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் வாக்கு எண்ணும் நாளில்தான் வெளியே தெரியும். அப்போது அந்தச் சாவடியின் கருவியை ஒதுக்கி வைக்க வேண்டிவரும். வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், யாருக்கு வாக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கும். வேட்பாளரும் வாக்காளரும் காத்துக் கிடப்பது நம் ஒரு நொடி மறதியால்.

அதற்கு முன்பே, பயிற்சி வகுப்பு நாளில் பலர் கோட்டை விடுவது தங்கள் சொந்த வாக்கை. மதுரை மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதிகள் மக்களவைத் தேர்தலில் மூன்றாகப் பிரிகின்றன. மேலூரும் மதுரையின் ஐந்து தொகுதிகளும் மதுரையில், சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில், திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரில். திருமங்கலத்தில் ஓட்டு உள்ள ஆசிரியருக்கு மேலூரில் பணி போட்டால், ஒரே மாவட்டம்தானே என்று, பணி செய்யும் சாவடியிலேயே வாக்களிக்க உதவும் தேர்தல் பணிச் சான்றுக்குப் படிவம் 12ஏ கொடுத்துப் பயனில்லை. படிவம் 12 கொடுத்து அஞ்சல் வாக்குதான் பெற வேண்டும், அதையும் தேர்தல் பணியாளர்கள் வாக்களிக்க அமைக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதிக்கு வெளியே பணி என்றாலே அஞ்சல் வாக்குதான். வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் வகுப்புக்குப் போகும்போதே கையில் எழுதிக்கொண்டு போங்கள்.

முந்தின நாள் பொருள்களை வாங்கும்போது கருவிகளின் எண்களைச் சரிபார்க்காமல் வண்டி ஏறுவது அடுத்த தவறு. அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, வாக்காளர் பொத்தான் அழுத்தும் வாக்குப்பதிவுக் கருவி, விவிபேட் மூன்றும் உங்கள் சாவடிக்கு ஒதுக்கியவைதானா, வாக்காளர் பட்டியல் உங்கள் பாகத்துக்கு உரியதுதானா என்று அங்கேயே பாருங்கள். எழுமலைப் பக்கம் போய் இறங்கிய பிறகு பாகம் மாறியது தெரிந்தால் இரவெல்லாம் அலைச்சல். ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று இரவிலேயே கருவியை இணைத்து இயக்குவதும் கூடாது. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் காலையில்தான் அது இயங்க வேண்டும்.

இனி மாதிரி வாக்குப்பதிவு. 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5.30-க்கு இதைத் தொடங்க வேண்டும். முகவர்கள் வரவில்லையென்றால் 15 நிமிடம் பார்க்கலாம், அதற்குமேல் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம். இணைக்கும் வரிசை: வாக்குப்பதிவுக் கருவியின் கேபிள் விவிபேட்டுக்கு, விவிபேட்டின் கேபிள் கட்டுப்பாட்டுக் கருவிக்கு. இணைத்தாலும் பிரித்தாலும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். விவிபேட்டின் பின்புறக் குமிழ் படுக்கையாக இருந்தால் பயண நிலை. அதை நிமிர்த்தாமல் சுவிட்ச் போட்டால் பிழை காட்டும், புதுக் கருவி கேட்டு, பல சாவடிகளைக் கவனிக்கும் ஜோனல் அலுவலருக்குப் போன் பறக்கும். வைக்கும் இடமும் முக்கியம். சித்திரை வெயில் ஜன்னல் வழியே நேராக விழும் வகுப்பறையிலும், டியூப்லைட்டுக்கு நேர் கீழேயும் விவிபேட்டை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் உணரி வெளிச்சத்தில் தடுமாறும்.

குறைந்தது 50 வாக்குகள், நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்றாவது விழ வேண்டும். யாருக்கு எத்தனை என்று ஒருவர் தாளில் குறித்துக்கொண்டே வரவேண்டும். பிறகு குளோஸ், முடிவைக் காட்டும் ரிசல்ட், அதைச் சீட்டுகளோடு ஒப்பிடுதல், கடைசியாக வாக்குகளை அழிக்கும் கிளியர். சுவிட்ச் போடும்போதெல்லாம் விவிபேட் தன்னைத்தானே சோதித்து 7 சீட்டுகளை அச்சிடும். அவற்றையும் வாக்குகளோடு சேர்த்து எண்ணிவிட்டுக் கணக்கு உதைக்கிறது என்று குழம்புபவர்கள் உண்டு.

அவசரம் தலைக்கேறுவது இந்த இடத்தில்தான். மணி 6.40, வெளியே வரிசை நிற்கிறது, முகவர் சீட்டு எண்ணிக்கையைப் பற்றி ஏதோ கேட்கிறார், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே, கட்டுப்பாட்டுக் கருவியின் உள்மூடியைச் சீலிடும் பச்சைத் தாள் முத்திரையை எடுத்துவிடுகிறோம். நில்லுங்கள். கிளியர் அழுத்திய பின் ‘டோட்டல்’ அழுத்தி, திரையில் பூஜ்யம் வருவதை ஒவ்வொரு முகவருக்கும் காட்டுங்கள். விவிபேட்டின் சீட்டுப் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதையும் காட்டுங்கள். எடுத்த சீட்டுகளின் பின்புறம் மாதிரி வாக்குப்பதிவு முத்திரையைக் குத்தி, கறுப்பு உறையில் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்டுங்கள். சுவிட்சை அணைத்து, பச்சைத் தாள் முத்திரையில் கையெழுத்துகள் வாங்கி, அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே சீல் வையுங்கள். ரிசல்ட், கிளியர் பொத்தான்கள் இரண்டும் அந்த மூடிக்குள் போய்விடுகின்றன, அதனால்தான் பிறகு எதுவும் செய்ய முடிவதில்லை. 9 மணிக் கணக்கில் டோட்டல், வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டைவிடச் சரியாக மாதிரி வாக்குகளின் அளவு கூடுதலாக இருந்தால், என்ன நடந்தது என்று புரிந்துவிடும். சீலைத் தொடாமல் உடனே ஜோனல் அலுவலரிடமும் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் சொல்லுங்கள். மறைத்தால் சிக்கல் பெரிதாகும்.

பகலில், வாக்காளர் பட்டியலோடு அமரும் முதல் அலுவலரிடம் வரும் தகராறு பெரும்பாலும் அடையாள ஆவணத்தில்தான். ரேஷன் ஸ்மார்ட் கார்டை நீட்டுவார்கள். அது ஆணையத்தின் பட்டியலில் இல்லை. பூத் சிலிப் மட்டும் போதாது. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் செல்லும். திருப்பி அனுப்பும்போது எதைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள்: “ஆத்தா, வேல அட்ட இல்லாட்டி பேங்க் புக்க எடுத்துட்டு வாங்க, போட்டா ஒட்டிருக்கணும்.” வாக்காளர் பட்டியலில் குறுக்குக்கோடு எல்லாருக்கும், பெண்களுக்கு வரிசை எண்ணைச் சுற்றி வட்டமும். வட்டம் விட்டுப்போனால் மாலையில் ஆண், பெண் கணக்கு வராது.

இரண்டாம் அலுவலர், வாக்காளரின் கையெழுத்துக்கு முன்பே மை வைக்க வேண்டும், கையெழுத்துப் போடும் நேரத்தில் மை காயும். விரலில் எண்ணெய் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு, இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை கோடாக இழுங்கள். புள்ளி போதாது. பார்வையற்றோருக்கும் இயலாதோருக்கும் துணையாக வருபவர் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். அவரிடம் உறுதிமொழி வாங்கி, படிவம் 14ஏ-யில் பதிந்து, அவருடைய வலது ஆள்காட்டி விரலில் மை வையுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரே நாலு பாட்டிகளைக் கூட்டி வந்தால் மறுக்கத் தயங்காதீர்கள். அது அந்தப் பாட்டிகளின் ரகசியத்தைக் காப்பது.

மூன்றாம் அலுவலர், வாக்கு பதிவானதற்கான பீப் ஒலி கேட்காமல் அடுத்தவருக்கு ‘பாலட்’ பொத்தானை அழுத்த முனைவது வழக்கமான தவறு. பொத்தான் அழுத்திய பிறகு ஒருவர் வாக்களிக்காமலேயே வெளியேறினால், அடுத்தவரை மறுபடி அழுத்தாமல் நேராக உள்ளே அனுப்பலாம். போனவரின் பதிவை 17ஏ குறிப்புப் பத்தியில் எழுத வேண்டும். கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக யாரும் ஒரு வாக்கையும் அழுத்தக் கூடாது. அது குற்றம்.

தன் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டதாக ஒருவர் வந்து நின்றால் அவரைக் கருவியிடம் அனுப்பாதீர்கள். அவர்தான் உண்மையான வாக்காளர் என்று தெரிந்தால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு என்ற காகிதச் சீட்டைக் கொடுத்து, அதற்கான பட்டியல் 17பி-யில் கையெழுத்து வாங்குங்கள். ஆளே அவர் இல்லை என்று முகவர் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்டச் சொல்லி விசாரியுங்கள். இரண்டையும் குழப்புவோர் அதிகம். கருவி பழுதானால், விவிபேட் மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாம், மாதிரி வாக்குப்பதிவு வேண்டாம். மற்ற இரண்டில் ஒன்று பழுதென்றால் மூன்றையும் மாற்றி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒரு வாக்காவது போட்டுப் பார்க்க வேண்டும்.

முடியும் நேரத்தில் டோக்கனை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிக் கொடுங்கள். முன்னாலிருந்து கொடுத்தால், கொடுத்து முடிப்பதற்குள் வால் நீண்டுவிடும். 2019-இல் சித்திரைத் திருவிழாவோடு சேர்ந்து வந்த தேர்தலில் மதுரைக்கு இரவு 8 மணி வரை நேரம் தரப்பட்டது. எனவே முடியும் நேரம் எது என்பதை ஆணையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாக்காளரின் பீப் கேட்டதும் டோட்டலைக் குறித்து, மூடியைக் கழற்றி குளோஸ் அழுத்துங்கள்.

பதிவான வாக்குகளின் கணக்கான 17சி-யில் 17ஏ எண்ணிக்கையிலிருந்து, வாக்களிக்காமல் போனவர்களையும் அனுமதி மறுக்கப்பட்டவர்களையும் கழித்தால் கருவியின் மொத்தம் வர வேண்டும். ஆய்வுக்குரிய வாக்குகள் இதில் சேராது. ஒவ்வொரு முகவருக்கும் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சுவிட்சை அணைத்துக் கேபிள்களைப் பிரித்த பின், விவிபேட்டின் பவர் பேக்கை மட்டும் எடுத்துவிட்டுக் குமிழைப் படுக்கையாக்குங்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் பேட்டரியைத் தொட வேண்டாம். 17சி-யையும் நாட்குறிப்பையும் சீலிட்ட உறைக்குள் போட்டுவிடாதீர்கள். ஜோனல் வண்டி நள்ளிரவு தாண்டி வந்தாலும், ஒப்படைத்து ரசீது வாங்கும் வரை அவை தனியாக உங்கள் கையில் இருக்கட்டும்.