வேலு நாச்சியாரைப் படமெடுக்க, வாளை ஓரமாக வையுங்கள்

சிவகங்கை ராணி வேலு நாச்சியார் வேடத்தில் புகைப்படம் என்றதும் இருபது வயதுப் பெண், கையில் வாள், பின்னால் குதிரை. எனக்குச் சலித்துவிட்டது. அவர் பிறந்தது 1730. சிவகங்கையை மீட்டது 1780. அப்போது வயது ஐம்பது! அதனால் அவர் வேடத்துக்கு நரை விழுந்த ஒருவரைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தவர் எதிர்வீட்டு அக்கா.

1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் தங்கி மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் உதவி கேட்ட காலத்தை எடுத்துக்கொண்டேன். நகை வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்த கண்டாங்கி, மடியில் ஒரு கடிதம். அவருக்கு உருது தெரியும். கடிதத்தை அந்த எழுத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வெளிச்சத்துக்கு நேர்வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். நிழல் பக்கக் கன்னத்துக்கு எதிரே, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. ரொம்பக் கிட்டே வைத்தால் முகம் தட்டையாகிவிடும். மூன்றடி தள்ளி வையுங்கள். பின்னால் கறுப்புப் போர்வை. 50 மி.மீ. லென்ஸ், அதன் துளை அளவு (அபெர்ச்சர்) எஃப் 2.8. சரி, கருவி அவ்வளவுதான்.

முகபாவம்தான் கஷ்டம். "கம்பீரமா பாருங்கக்கா" என்றேன். கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல விறைத்தார். அப்புறம், "எட்டு வருஷமா காத்திருந்த பதில் இன்னிக்குத்தான் வந்திருக்கு, இன்னும் பிரிக்கல" என்றேன். கட்டைவிரல் கடிதத்தின் ஓரத்தை அழுத்தியது, தாடை இறுகியது. அந்த நொடியில் அமுக்கினேன்.