புரையோடு சேர்த்து கிளாக்கோமா லேசரும்: பலர் செய்யும் தவறுகள்

கண்புரை ஆபரேஷனோடு கிளாக்கோமாவுக்கான (கண் அழுத்த நோய்) லேசரும் முடிந்து கட்டைப் பிரித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியும். அந்தச் சந்தோஷத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. கிளாக்கோமாவும் சேர்ந்து போய்விட்டது என்று நினைத்து, போட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பளிச்சென்று தெரிவது, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புதுசு வைத்ததால். கிளாக்கோமா அரிப்பது பின்னால் இருக்கிற பார்வை நரம்பை. அங்கே போன பார்வை போனதுதான், எந்த லேசரும் அதைத் திரும்பக் கொண்டுவராது. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைத்து மிச்சப் பார்வையைக் காப்பாற்றுவதுதான் லேசரின் வேலை. பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும் நோய் இது, மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆனாலும் ஒன்றும் தெரியாது.

அடுத்தது, 'லேசர்' என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டுவது. புரையை எடுக்கவே ஒரு லேசர் உண்டு, அது கிளாக்கோமாவுக்கானது அல்ல. ஆபரேஷனுக்குச் சில மாதமோ வருடமோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் படியும் மங்கலை நீக்கும் யாக் லேசர் வேறு. கிளாக்கோமாவுக்கு என்றால், புரை எடுக்கும்போதே சின்னக் கேமராவோடு உள்ளே போய், கண்ணுக்குள் நீர் சுரக்கும் சிலியரி திசுவைச் சுட்டுச் சுரப்பைக் குறைப்பது ஒரு வகை. எஸ்.எல்.டி. என்பது இன்னொரு வகை லேசர், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் சல்லடையைச் சீராக்குவது. அதைத் தனியாக, கத்தியே இல்லாமல் செய்வார்கள், முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும், சில வருடத்தில் குறையவும் செய்யும். எனக்கு எது, ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். கண்ணின் கோணம் (அந்த நீர் வெளியேறும் இடம்) குறுகியதால் வந்த கிளாக்கோமா என்றால் புரை லென்ஸை எடுப்பதே கோணத்தைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கலாம். நோய் ரொம்ப முற்றியவருக்கோ லேசர் போதாமல், நீர் வெளியேற வேறு வழி அமைக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம்.

அப்புறம், மறுநாள் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. முதல் 24 மணி நேரத்தில் அழுத்தம் திடீரென ஏறலாம், ஏற்கெனவே நைந்த நரம்பு அதைத் தாங்காது. வீக்கம் குறையத் தரும் ஸ்டீராய்டு சொட்டும் சிலருக்கு வாரக்கணக்கில் மெல்ல அழுத்தத்தை ஏற்றும். அதற்காக அதைப் பாதியில் விட்டுவிடவும் கூடாது, உள்ளே லேசர் வைத்த கண்ணில் வீக்கம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். கடும் வலி, வாந்தி, பார்வை சட்டென மங்குவது என்றால் அன்றே ஓடுங்கள்.

புரோஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். ஆபரேஷன் நடுவே கருவிழித் திரை தளர்ந்து சிக்கலாகும். பல தூரம் காட்டும் மல்ட்டிஃபோகல் லென்ஸுக்கும் ஆசைப்பட வேண்டாம். கிளாக்கோமா முற்றிய கண்ணில் அது காட்சியை இன்னும் மங்கலாக்கும்.

புரை இருந்தபோது எடுத்த ஃபீல்டு டெஸ்ட்டை (ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடக் கூடாது, புரையே அந்த முடிவைக் கெடுத்திருக்கும். கண் ஆறியதும் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இனி வரும் டெஸ்ட்டுகளை அதோடு ஒப்பிடட்டும்.