நண்டு வளையை அடைக்காமல் தண்ணி திறக்காதீங்க

போன மாதம் பாளையங்கோட்டையில் தானமாகக் கிடைத்த கல்லீரலை எடுக்கப் போயிருந்தோம். கூட வந்த தம்பி, ஐ.வி.சி. (கல்லீரலை ஒட்டிப் போகும் கீழ்ப் பெருஞ்சிரை) ஓரத்தில் ஒரு கிளையைக் கட்டாமலே பைக்குள் வைக்கப் பார்த்தான். நானும் அப்படி விட்டவன்தான். லேபிள் மறப்பது, ஐஸ் நேராகக் கல்லீரலில் படுவது இதையெல்லாம் சிஸ்டரே திட்டித் திருத்திவிடுவார். அதை விடுகிறேன். எடுத்த கல்லீரலை உடம்புக்கு வெளியே ரத்தம் ஓட்டி வைத்திருக்கிற மெஷினில் மாட்டும்போது செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

கசிவு பார்க்காமல் மாட்டுவது

ஐஸ் பெட்டியில், 4 டிகிரியில், உள்ளே ஓட்டமே கிடையாது. எத்தனை ஓட்டை இருந்தாலும் தெரியாது. இயந்திரத்தில் 37 டிகிரியில் ரத்தம் ஓடுகிறது. காய்ந்த வரப்பில் நண்டு வளை கண்ணில் படுமா? வாய்க்காலைத் திறந்த பிறகு பக்கத்து வயல் நிரம்பும்போதுதான் தெரியும்.

நான் விட்டது வலது அட்ரீனல் சிரையின் நுனி. பம்பு ஓடிப் பத்து நிமிஷத்தில் கல்லீரலுக்கு அடியில் ரத்தம் தேங்கிவிட்டது. எங்கிருந்து என்று பிடிபடவில்லை. நிறுத்தப் போன என் கையைச் சீனியர் தட்டிவிட்டார். குளிரில் உறங்கும் செல் பொறுத்துக்கொள்ளும். 37 டிகிரியில் விழித்திருக்கிற செல்லுக்கு ஓட்டம் நின்றால் மூச்சு நின்ற மாதிரி. ஓட ஓடவே தையல் போட்டார். மூன்று யூனிட் சிவப்பணு ஊற்றி நிரப்பிய சுற்று அது. நாலாவதுக்கு ரத்த வங்கிக்கு ஓடியவன் நான்.

இத்தனைக்கும் மாட்டுவதற்கு முன்னால் பெஞ்சில் ஐந்து நிமிஷ வேலை. ஐ.வி.சி.யின் இரண்டு முனையையும் கவ்வி, சிரிஞ்சில் குளிர்ந்த கரைசலை ஏற்றினால் கசியும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். "மெஷின்ல பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் சுருக்கென்று கோபம் வருகிறது. தம்பியை உட்காரவைத்து ஏற்றச் சொன்னேன். உதரவிதான ஓரத்தில் இன்னொன்று கசிந்தது. அது நான் பார்க்காதது.

கழுவாமல் இணைப்பது

கல்லீரலைக் குளிரில் வைத்துக் கொண்டுவரும் யூ.டபிள்யூ. கரைசலில் லிட்டருக்கு 125 மில்லிமோல் பொட்டாசியம். அது மெஷின் ரத்தத்தில் கலக்கக் கூடாது. கழுவுங்கள்.

லாக்டேட்டை மட்டும் நம்புவது

சுற்றும் ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமில அளவு) லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கல்லீரல் செல்கள் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். பித்தநாளத்தின் சேதி பித்தத்தின் பி.எச்.சில் இருக்கிறது. உட்சுவர் நன்றாக இருந்தால் பைகார்பனேட் சுரந்து பித்தம் காரத்தன்மை பெறும், பி.எச். ஏறும்.

மெஷின் இருக்குல்லா என்று மெத்தனம்

பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். மாட்டும்வரை எல்லாம் ஐஸில் கிடக்கும் நேரக் கணக்குதான். வழியில் கயத்தாறில் குடிக்கிற டீயும் சேர்த்து.