டிங்கி எண்ணிக்கைக்கு நேர்க்கோடு போதுமா? ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்கும் டிங்கிக்கும் உள்ள தொடர்பு, கோலாலம்பூரில் முதுகலை படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பிடித்த தலைப்பு. வாரவாரம் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றியதும், முதல் வேலையாக அது இயல்நிலைப் பரவலில் (மணி வடிவில்) இருக்கிறதா என்று பார்க்கும் ஷபீரோ-வில்க் சோதனை நடத்திவிடுவார்கள். எண்ணிக்கை இயல்நிலைப் பரவலில் இல்லையாம்! இருக்கத் தேவையில்லை. ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று கணிக்கும் நேர்க்கோட்டு ரிக்ரஷன், இயல்நிலையை எதிர்பார்ப்பது எச்சங்களில்தான், அதாவது கணிப்புக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களில்தான். தரவு நிறைய இருந்தால் அதிலும் கொஞ்சம் பிசகலாம்.

அந்தப் பயத்தில் எண்ணிக்கைக்கு மடக்கை (log) எடுப்பார்கள். நோயாளியே இல்லாத வாரத்தில் பூஜ்யம் வரும். அதற்கு மடக்கை கிடையாது. எல்லாவற்றோடும் 1-ஐக் கூட்டுவார்கள். 0.5 கூட்டிப் பாருங்கள், விடை மாறும். எண்ணிக்கைக்கும் பொருந்தும் மாதிரிகளை நெல்டரும் வெடர்பர்னும் 1972-லேயே வகுத்துவிட்டார்கள். அவற்றில் ஒன்றான பாய்சான் மாதிரியில் தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக்கூடாது. சராசரியும் பரவற்படியும் (எண்கள் சிதறியிருக்கும் அளவும்) சமம் என்பது அதன் கணக்கு. டிங்கியோ ஓர் அடுக்குமாடியில் நுழைந்தால் அடுத்தடுத்த வீடுகளையும் பிடிக்கும்; பரவற்படி சராசரியைத் தாண்டி எகிறும். அதைக் கவனிக்காவிட்டால் திட்டப்பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் எண்) சிறுத்துப்போய், மழை, வெப்பம், ஈரப்பதம் எல்லாமே முக்கியம் என்று வந்து நிற்கும். பரவற்படி சராசரியைத் தாண்ட இடம்தரும் நெகட்டிவ் பைனோமியல் மாதிரிக்கு மாறுங்கள்.

இவற்றைவிட மோசமானது, ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனி சாட்சியாக எண்ணுவது. இந்த வார நோயாளியைக் கடித்த கொசுதான் வரும் வாரங்களின் நோயாளிகளை உண்டாக்குகிறது. நேர்க்கோட்டு மாதிரி ஓட்டியவர்களுக்கு அடுத்தடுத்த எச்சங்களின் தொடர்பை அளக்கும் டர்பின்-வாட்சன் எண் இதைக் காட்டிக்கொடுக்கும். பலர் அதை அட்டவணையில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதற்கு மருந்தாகச் சொல்லப்படும், 1987-இல் வந்த நியூவி-வெஸ்ட் முறை திட்டப்பிழையை மட்டுமே சரிசெய்யும், தவறாக அமைத்த மாதிரியைத் திருத்தாது. இந்த வார மழையை இந்த வார எண்ணிக்கையோடு சேர்ப்பதே அப்படிப்பட்ட அமைப்புதான். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேலாகும், கிருமி கொசுவுக்குள் முதிர 8 முதல் 12 நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள். ஆகவே பல வாரம் முந்தைய மழையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளவுக்கு மீறிய புள்ளி என்று 2019-ஐ வெட்டி எறிபவர்களும் உண்டு. அந்த ஆண்டு மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2021-இல் 26,365. முன்னது உண்மையான தொற்று அலை, அதை நீக்கிவிட்டால் தலைப்புக்கே வேலையில்லை. பின்னதற்குத் தனி மாறி ஒன்று வையுங்கள், இல்லையேல் கட்டுப்பாட்டால் வந்த சரிவும் மழையின் கணக்கில் ஏறிவிடும்.