சோர்ந்த மனதை 'ஏன்' என்று குடையாதீர்கள்

மனம் சோர்ந்து கிடக்கும்போது பலரும் செய்யும் தவறு, தனியே உட்கார்ந்து "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று குடைந்துகொண்டே இருப்பது. யோசிக்க யோசிக்கக் காரணம் பிடிபடும் என்று நம்புகிறோம். அமெரிக்க மருத்துவ உளவியலாளர் சூசன் நோலன் ஹூக்செமா வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது இந்த நம்பிக்கையைத்தான்.

அவர் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரியட்டா நிலநடுக்கம் அப்பகுதியை உலுக்கியது. இரண்டு வாரம் முன்புதான் மாணவர்களிடம் மனநிலை பற்றிய வினாத்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அவர்களையே மறுபடி கேட்டார். ஏற்கெனவே துயரத்தை அசைபோடும் வழக்கமுள்ளவர்களே அதிகம் துவண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்பிருந்த சோர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை. எனக்கு அவருடைய ஆய்வுகளிலேயே மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்னொரு சோதனையில், சோர்வாக இருந்தவர்களில் ஒரு பாதியினர் எட்டு நிமிடம் தங்கள் உணர்வுகளையே நினைத்தார்கள். மறுபாதியினர் வெளியுலகக் காட்சிகளைக் கற்பனை செய்தார்கள். முதல் பாதியினருக்குச் சோர்வு கூடியது, மற்றவர்களுக்குக் குறைந்தது. பிறகு உளவியலாளர் சோனியா லியுபோமிர்ஸ்கியுடன் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், அசைபோட்டவர்கள் பிரச்சினைகளுக்குச் சொன்ன தீர்வுகளும் சுமாராகவே இருந்தன. ஆக, "பிரச்சினையைத்தானே யோசிக்கிறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். முதலில் எழுந்து நடங்கள், கையில் ஒரு வேலையை எடுங்கள். மனம் கொஞ்சம் லேசான பிறகு தீர்வை யோசியுங்கள்.

குடித்து மறப்பது இப்படி மனதைத் திருப்புவதில் சேராது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

"பெண்கள் என்றாலே இப்படித்தான், எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பார்கள்" என்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய இரு மடங்கு பாதிப்பது உண்மைதான். ஆனால், சுமார் 1,100 பேரிடம் செய்து 1999-இல் நோலன் ஹூக்செமா வெளியிட்ட ஆய்வு பிறவிக் குணத்தைக் காரணம் காட்டவில்லை. குறைந்த வருமானம், வீட்டு வேலை முழுதும் தன் தலையில் விழுவது, துணைவர் மதிக்காதது போன்ற தீராத நெருக்கடிகளும், 'நம் கையில் எதுவும் இல்லை' என்ற எண்ணமும், அசைபோடுதலும் ஒன்றையொன்று வளர்த்துவிட்டன. வீட்டில் ஒருவர் அப்படிச் சோர்ந்திருந்தால் "ரொம்ப யோசிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகராமல், அவர் பார்க்கும் வேலைகளில் எதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள்.