ரீட்-ஒன்லி ரோபோவில் ஆப்ட் கேஷை எங்கே வைப்பது?

ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது பேட்டரியைக் கழற்றினாலும் எஸ்டி கார்டு கெடக்கூடாது. அதற்காகத்தான் ரோபோவை இயக்கும் ராஸ்பெரி பையின் ரூட்டை (முதன்மைக் கோப்பு முறைமையை) ரீட்-ஒன்லியாக, படிக்க மட்டும் முடியும்படி, மவுண்ட் செய்கிறோம். ஆனால் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டுக்கு எழுத இடம் வேண்டும்: இறக்கிய பேக்கேஜ்களான டெப் கோப்புகளுக்கு /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ், பேக்கேஜ் பட்டியல்களுக்கு /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்.

முதலில் 'ஃபைண்ட்மவுண்ட் /' கொடுத்துப் பாருங்கள். 'ஓவர்லே' (கார்டின் மேல் விரித்த தற்காலிக அடுக்கு) என்று வந்தால் எழுதுவதெல்லாம் ரேமில்தான் போகிறது. நிறுவல் பிழையில்லாமல் முடியும், ரீபூட் செய்ததும் காணாமல் போகும். அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிகில் ஓவர்லேயை அணைத்து ரீபூட் செய்த பிறகு தொடங்குங்கள்.

பட்டியல்களை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (ரேமில் இருக்கும் கோப்பு முறைமையில்) வைக்கலாம். அந்தக் கோப்புறைக்கு 'டியூ -எஸ்ஹெச்' காட்டும் அளவைப்போல் இரு மடங்கு ஒதுக்குங்கள். அப்டேட் நடக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்தே கிடக்கும். ஒவ்வொரு பூட்டுக்குப் பிறகும் அப்டேட் கொடுக்காவிட்டால் 'பேக்கேஜைக் காணோம்' என்றுதான் பதில் வரும். டெப் கோப்புகளை மட்டும் ரேமில் வைக்காதீர்கள். 1 ஜிபி போர்டில் ஆர்ஓஎஸ் (ரோபோ மென்பொருள் தொகுப்பு) பேக்கேஜ்கள் இறங்கும்போது பாதியில் இடம் தீர்ந்துவிடலாம். அவை கார்டிலேயே இறங்கட்டும்.

நிறுவும் நாளில் பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் செருகுங்கள். நேரத்தையும் பாருங்கள், கடிகார பேட்டரி இல்லாத பையில் தேதி பின்தங்கியிருந்தால், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அப்டேட் நின்றுவிடும். பிறகு ரூட்டை எழுதத் திறக்கும் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /', அப்டேட், இன்ஸ்டால், 'ஆப்ட் கிளீன்', 'சிங்க்'. ஆப்ட் நிறுவி முடித்ததும் டெப் கோப்புகளைத் தானே நீக்கிவிடும், ஆப்ட்-கெட் நீக்காது. கிளீன் எப்படியும் பட்டியல்களைத் தொடாது.

ரூட்டைத் திறப்பது எளிது, மூடுவதுதான் பாடு. மறுபடி ரீட்-ஒன்லியாக்க 'ரீமவுண்ட்,ஆர்ஓ' கொடுத்தால் பல நேரம் 'பிஸி' என்று மறுக்கும். பெரும்பாலும் காரணம் இதுதான்: அப்கிரேடில் பழைய லைப்ரரி நீக்கப்பட்டது, ஆனால் ஓடும் சர்வீஸ் அதை விடாமல் பிடித்திருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப்' கொடுத்து 'டிஇஎல்' என்று குறித்த வரிகளைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியே பிடித்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், ரீபூட்தான்.

இந்த ரீமவுண்டை டிபிகேஜி (ஆப்ட் இறக்கியதை நிறுவும் நிரல்) ஓடும்போது தானே நடக்கும்படி அதன் ஹூக்கில் போடுபவர்களும் உண்டு. இறக்கும் வேலை டிபிகேஜிக்கு முன்பே நடக்கிறது, அப்டேட்டோ டிபிகேஜியைக் கூப்பிடுவதே இல்லை. இரண்டுக்கும் அந்த ஹூக் உதவாது. கையால் செய்வதே மேல்.

ஆப்ட்டைத் தானாக ஓட்டும் ஆப்ட்-டெய்லி, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் டைமர்கள் இரண்டையும் மாஸ்க் செய்து முடக்கிவிடுங்கள். பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்புக்கு 'நோ-கேஷ்-டிர்' சேருங்கள். ஆர்ஓஎஸ் லாக் கோப்புறையை /டெம்ப்புக்குத் திருப்பாவிட்டால் நோடுகள் (ஆர்ஓஎஸ் நிரல்கள்) கிளம்பும்போதே முரண்டு பிடிக்கும்.